பச்சை பெல்ட்டுக்குள் ஒரு சிங்கம்

எங்கள் ஊர்ப்பக்கம் டாக்டரிடம் போய் "காய்ச்சல்" என்ற ஒரே வார்த்தையோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. "மேலுக்கு முடியல" என்று ஆரம்பித்து ஆளுக்கொரு படம் வரைந்து காட்டுவார்கள். "மேலெல்லாம் செங்கச் சூளையா காந்துது" என்பார் ஒருவர். நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறி ஷெட்டில். அங்கே என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா தன் தலைவலியை, "நடுமண்டைக்குள்ள எவனோ ரெண்டு ஷிப்ட்டு தறி ஓட்டுதான்" என்று சொன்னார். அன்றிலிருந்து அவர் நெற்றியைப் பிடித்தாலே, "இன்னைக்கு எத்தன தறிக்கா?" என்று கேட்போம். இந்த மாதிரிப் பேச்சு என்றால் எனக்கு உயிர். பள்ளிக்கூடம் என்னைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மிச்சத்தையெல்லாம் ஜனங்களின் வாயைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன்.

இப்படி வாய் ஓயாமல் பேசுகிற ஊரில், ஒரே ஒரு விஷயத்தைப் பேசாமல் பொத்தி வைத்ததால் என் தங்கச்சி வீட்டுக்காரர் சாகப் பார்த்தார். போன மழைக்காலத்தில் நடந்தது. இப்போது நினைத்தாலும் உட்கார்ந்து சொல்ல வராது எனக்கு. எழுந்து நின்றால்தான் வரும்.

மாப்பிள்ளை பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வீடு கூமாப்பட்டியில். பிளவக்கல் அணைக்குப் போகிற பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மழை விட்ட கையோடு, தோப்பு ஓரத்தில் மண்டிக் கிடந்த புதரை ஆள் வைக்காமல் தானே வெட்டித் தள்ளினார். "கூலிக்கு ஆளா கெடைக்கல?" என்று கேட்டதற்கு, "மச்சான், எதிரிய நேர்ல நின்னு பாக்கணும்" என்றார். அப்படித்தான் பேசுவார். சமையலறைக்குள் போவதைக்கூட ரோந்து போகிற மாதிரிதான் சொல்வார். யார் சொன்னாலும் கேட்கவும் மாட்டார்.

அதனால்தான் தங்கச்சி போன் பண்ணி அழுதபோது எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, அவிய சொன்ன பேச்சு கேக்காவண்ணே."

"சொன்ன பேச்சக் கேக்குறாருன்னா, அதுக்கு எதுக்கு ஏட்டி அழுகுற? தேங்கா ஒடைக்க வேண்டியதுதான?"

"கஞ்சி குடிங்கன்னா குடிக்காவ. படுங்கன்னா படுக்காவ. காச்ச வந்ததுல இருந்து ஒரு வார்த்த எதுத்துப் பேசல. எனக்குப் பயமா இருக்குண்ணே."

எத்தனை நாளாகக் காய்ச்சல், யாரிடம் காட்டினீர்கள் என்று கேட்டேன். ஊரில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். வேர்த்து விடும், இறங்கும், மறுபடி ஏறும். வாரம் ஆகப்போகிறது. அன்றைக்கே வண்டி பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் ஷெட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தமான இடம். நல்ல மனுஷர்கள். ஆனால் கையில் இருப்பது கொஞ்சம். ரத்தத்தில் அணுக்களை எண்ணுவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், ஆக்சிஜன் வைப்பார்கள். அதற்கு மேல் துருவிப் பார்க்க வேண்டுமென்றால் ரத்தம் மதுரைக்குப் போக வேண்டும், அதன் முடிவு அவர்களுக்குத் தோதான நாளில் திரும்பி வரும். வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது.

"ஐயா, எங்கிட்ட மிஷின் கம்மி. அதனால கேள்வி நிறையக் கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போனது. கேள்வி கேட்கிற ஆளை எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

என்ன சாப்பிட்டீங்க, எந்தத் தண்ணி குடிச்சீங்க, வீட்டுப் பக்கம் வேற யாருக்காவது காய்ச்சலா, வயக்காட்டுக்குப் போனீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், புதர் வெட்டிய கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடம்புல எங்கயாவது, சிகரெட்டால சுட்ட மாதிரி, கறுப்பா ஒரு பொருக்கு இருக்கா? வலிக்காது. அரிக்காது. அதனாலயே கவனிச்சிருக்க மாட்டீங்க."

தங்கச்சி மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

"நோ மேடம்."

டாக்டரம்மா அதோடு விடவில்லை. கழுத்து, காது மடலுக்குப் பின்னால், அக்குள், முதுகு, முழங்கால் மடிப்பு என்று எல்லாம் பார்த்தார். மாப்பிள்ளையும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி கையைத் தூக்கச் சொன்னால் தூக்கி, திரும்பச் சொன்னால் திரும்பினார். இடுப்பில் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டுக்கு வந்ததும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க ஒண்ணும் இல்ல மேடம். அது எல்லை. தாண்டக் கூடாது."

"நான் வேணா வெளிய போறேன் ஐயா, நம்ம நர்ஸ் பிரதர் பாக்கட்டும்."

"பிரதருக்கும் அதேதான்."

நான்கூடச் சிரித்தேன், இடுப்பைக் காட்டக் கூச்சப்படுகிறார் என்று. டாக்டரம்மா மறுபடி கேட்க வாயெடுப்பதற்குள் பாம்பு கடித்த ஒருவரை வாசலில் இறக்கினார்கள். அங்கே ஓடிவிட்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் மூச்சு மாறியிருந்தது. ஓடி வந்த நாய்க்கு வாங்குவதுபோல் மேல்மூச்சு. முகத்தில் மாஸ்க் வைத்திருந்தார்கள். தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். தட்டணு என்றால் என்னவென்று இன்றைக்கு எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், டெங்கு சொல்லிக் கொடுத்த பாடம். பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம், "பப்பாளி எலச் சாறு குடுங்க, சர்ருன்னு ஏறும்" என்றார். எதிர்க் கட்டிலில் இருந்தவர், "நெலவேம்பு குடுக்கலையா? ஏன் குடுக்கல?" என்று என்னை விசாரணை பண்ணினார். எல்லாருக்கும் ஒரே பயம்தான். அணு குறைந்தால் எங்காவது ரத்தம் கசியும், கசிந்தால் கஷ்டம்.

டாக்டரம்மா தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு ரெண்டு மூணு காய்ச்சல் மேல சந்தேகம் இருக்கும்மா. டெங்குன்னு நெனச்சா டிரிப் ஒரு கணக்கு. வேறன்னா வேற கணக்கு, அதிகமா ஏத்தினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். மதுரைக்குக் கொண்டு போயிடுங்க. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு, வந்ததும் கிளம்பலாம்."

தங்கச்சி தலையை ஆட்டினாள். ஏதோ சொல்ல வந்தவள் போல வாயைத் திறந்து, முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். நான் அதை அழுகை என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் சட்டையை மாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். அவருக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. இடுப்புக்குக் கீழே வெள்ளை விரிப்பைப் பார்த்தேன். சிவப்பு. பெல்ட்டுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி ஊறியிருக்கிறது.

"ரத்தம்! டாக்டரம்மா, ரத்தம்!"

நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் பாட்டிலோடு எட்டிப் பார்த்தார். டாக்டரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்து, ஒரே இழுப்பில் பெல்ட்டை அவிழ்த்தார். இந்தத் தடவை எல்லையைக் காக்க மாப்பிள்ளையின் கையில் தெம்பில்லை.

விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரலையும் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இது ரத்தம் இல்ல. மண்ணு வாசம் அடிக்குது."

அப்போதுதான் நானும் பார்த்தேன். மாப்பிள்ளையின் இடுப்பில் ஒரு சிங்கம். காவிக்கல்லைக் கரைத்து எழுதிய செக்கச் சிவந்த சிங்கம். வாயைப் பிளந்து தொப்புளைப் பார்த்து நிற்கிறது. பிடரி வியர்வையில் கரைந்து ஒழுகியிருக்கிறது. வால் மட்டும் பின்னிடுப்பில் ஜம்மென்று சுருண்டு கிடக்கிறது.

அக்கி எழுதியிருக்கிறார்கள்!

எங்கள் பக்கத்தில் தோலில் தீப்பட்ட மாதிரி கொப்புளம் வந்தால் அதை அக்கி என்போம். மண்பானை வனைகிறவரிடம் போனால் காவியைக் குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதிவிடுவார். எழுதியது தானாக உதிரும்வரை தண்ணீர் படக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது. டாக்டரிடம் மூச்சு விடக் கூடாது, ஏனென்றால் அவர் முதலில் திட்டுவார், பிறகு கழுவுவார்.

தங்கச்சி அந்த இடத்திலேயே உடைந்துவிட்டாள். "புதரு வெட்டிட்டு வந்த பொறவு பெல்ட்டு கட்டுற எடத்துல செவப்பா ஒரு புண்ணு. அக்கின்னு நெனச்சேன். நாந்தான் கூட்டிட்டுப் போனேன். நாந்தான் சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்குனேன்."

"சரிம்மா, சரி. அழாதீங்க. நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க, இடத்தை அடையாளம் போட்டு வச்சிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. குரலில் ஒரு பரபரப்பு ஏறிவிட்டது. "பிரதர், ஈரத் துணி கொண்டு வாங்க. இதைத் துடைச்சுப் பாக்கணும்."

தங்கச்சி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். அழுகையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"தொடைக்கப்படாது."

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? நவுரு!" என்றேன்.

"நீ சும்மா இரு அண்ணே. எங்க தெருவுல ஒருத்தருக்கு அக்கிய அழிச்சு, அது மொகத்துக்கு ஏறி, கண்ணோரம் வந்து, அவிய பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தேன். காச்சலோட சேத்து இவியளுக்குக் கண்ணும் போகணுமா?"

நான் கத்தப் போனேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தங்கச்சியிடம் கேட்டார், "எழுதினவர் போன் நம்பர் இருக்கா?"

இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தத்துக்கு நடுவே ஒரு முதிர்ந்த குரல். "யாரு? பட்டாளத்துக்காரர் வீட்டம்மாவா? சிங்கம் உதிந்திருச்சா?"

"ஐயா, நான் ஆஸ்பத்திரி டாக்டர் பேசறேன். அவருக்குக் காய்ச்சல் ரொம்ப அதிகம். நீங்க எழுதின சிங்கத்துக்குக் கீழ ஒண்ணு பாக்கணும். கொஞ்சம் துடைச்சுக்கலாமா?"

ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டச் சொல்லி யாரையோ அதட்டினார். பிறகு அவர் சொன்னார், "என்னைய யாரும் இப்பிடிக் கேட்டதில்ல தாயி. டாக்டருமாரு வைவாவ, இல்லன்னா சிரிப்பாவ." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்தப் பக்கம் தொடைக்கணும்?"

"தலைப் பக்கம்."

"தாராளமா தொடைங்க. வாலுல மட்டும் கை வைக்காதீங்க. வாலு இருக்குற வரைக்கும் சிங்கம் இருக்குன்னுதான் கணக்கு. ஏம்மா, கேட்டுக்கிட்டியா? நாஞ்சொல்லுதேன், டாக்டரம்மாவுக்கு வழிய விடு."

வாலுக்கு அப்படி ஒரு கணக்கு முன்னாலேயே உண்டா, அந்த நிமிஷத்தில் அவர் உண்டாக்கினாரா, எனக்குத் தெரியாது. தங்கச்சி விலகி நின்றாள்.

டாக்டரம்மா பேண்டேஜ் துணியை நனைத்து மெள்ளத் துடைத்தார். அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாள் முழுக்க என் கண் முன்னால் ஓடுகிற அதே நெசவு. எங்கள் தறியோ, பக்கத்துத் தறியோ! வாழ்க்கையில் முதல் தடவையாக அது எதற்கு என்று பார்த்தேன். பிடரி போனது. கண் போனது. பிளந்த வாயில் சிவப்பு கலைய, நடுவே, சிங்கம் எதையோ கவ்விக்கொண்டிருந்த மாதிரி, கறுப்பாக ஒரு பொருக்கு. கட்டை விரல் நகத்தில் பாதி இருக்கும். சுற்றிலும் சிவந்த வட்டம். சிகரெட்டால் சுட்ட மாதிரியே.

"இருக்கு! இருக்கு!" டாக்டரம்மா கட்டில் கம்பியைத் தட்டினார். முதல் பந்திலேயே விக்கெட் எடுத்த பிள்ளை மாதிரி முகம். "இதைத்தான் தேடினேன்! உண்ணிக் காய்ச்சல்! புதர்ல இருக்கிற பொடிப் பூச்சி, கண்ணுக்கே தெரியாது. இறுக்கிக் கட்டின இடமாப் பாத்துக் கடிக்கும். சிஸ்டர், வாங்க, பாருங்க! பிரதர், டிரிப்பைக் குறைங்க!"

சிஸ்டர் வந்தார். லேபில் இருந்து ஒருவர் வந்தார். மருந்து கொடுக்கிறவர் கவுண்டரைச் சாத்திவிட்டு வந்தார். பப்பாளி அம்மா எட்டி எட்டிப் பார்த்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து மாப்பிள்ளை முனகினார்.

"என்ன மச்சான்... கூட்டம்?"

"உம்ம இடுப்பப் பாக்க ஊரே வந்திருக்கு மாப்ள."

"டிக்கெட்டு... போடுங்க."

அந்த மூச்சு முட்டலிலும்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மதுரைக்கு ரத்தம் போய்த் திரும்ப வேண்டியதில்லை, இந்தப் பொருக்கே போதும் என்று டாக்டரம்மா உடனே மருந்தைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது ஒரு சாதாரணக் காப்சூல். அந்த ஆஸ்பத்திரி அலமாரியிலேயே எப்போதும் கிடப்பது. தங்கச்சி அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெரிய ஆளச் சாய்ச்ச காச்சலுக்கு இத்தினியூண்டு மாத்திரையா?"

"சாய்ச்ச பூச்சி இதைவிடச் சின்னதும்மா" என்றார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. டாக்டரம்மா மதுரையில் தனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டரிடம் போனில் பேசினார். மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் விடாமல் பார்த்துக்கொண்டு இங்கேயே வைத்திருக்கலாம், அளவு இறங்கினால் அந்த நிமிஷமே அனுப்ப வேண்டும் என்று முடிவு. "ரெண்டுக்கும் தயாரா இருப்போம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைத்தான் பார்த்தாள். "நீங்க கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சிய. அவிய இங்கயே இருக்கட்டும்."

மறுநாள் அளவு இறங்கவில்லை, ஏறவும் இல்லை. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "மருந்து வேலைக்குச் சேந்த மொத நாளு, இடம் பழகட்டும்" என்று எதிர்க் கட்டில்காரர் ஆறுதல் சொன்னார். நிலவேம்புப் பேச்சை அவரே கைவிட்டிருந்தார்.

அதற்கு அடுத்த நாள் ஷெட்டுக்குத் தலை காட்டப் போயிருந்தேன். தறிச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை, பையில் நடுங்கியதுதான் தெரிந்தது. தங்கச்சி. அழுகிறாள். வாசலுக்கு ஓடினேன்.

"என்ன ஏட்டி? சொல்லு! என்ன ஆச்சு?"

"அண்ணே... அவிய சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்காவண்ணே!"

"என்னது?"

"காச்சல் விட்டுப்போச்சு. மாஸ்க்க எடுத்தாச்சு. கஞ்சி குடிங்கன்னேன், இது என்ன சுண்ணாம்பான்னு தள்ளி விட்டுட்டாவ. இட்லிக்கு ரெண்டு சட்னி வேணுமாம். படுங்கன்னா படுக்க மாட்டேங்காவ. சிஸ்டரு கூட சண்ட போடுறாவ அண்ணே!"

நான் போட்ட கூச்சலில் தறியை நிறுத்திவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். தலைவலி அக்கா, "என்னய்யா, யாரு செத்தா?" என்று பதறினார். "ஆரும் சாகலக்கா! எம் மாப்பிள்ள திமிர் பண்றாரு!" என்றேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனபோது, மாப்பிள்ளை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாம்பு கடித்துப் பிழைத்தவரோடு யாருக்கு ஆபத்து அதிகம் என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டரம்மா பொருக்கைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை எழுந்து நின்று, தானே பெல்ட்டை அவிழ்த்தார். விறைப்பாக, சல்யூட் ஒன்றுதான் பாக்கி. பொருக்கு காய்ந்து ஓரம் எழும்பியிருந்தது. சிங்கத்துக்குத் தலை இல்லை, உடம்பும் தேய்ந்துபோயிருந்தது. வால் மட்டும் பின்னிடுப்பில் சுருண்டு அப்படியே இருந்தது. இத்தனை நாளும் தங்கச்சி ஈரத் துணியால் அவரைத் துடைத்துவிட்டிருக்கிறாள், அந்த இடத்தை மட்டும் சுற்றி வந்து.

டாக்டரம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். "இது இன்னும் போகலையா?"

"அது தானா உதிரணும் டாக்டரம்மா" என்றாள் தங்கச்சி, மெதுவாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல்.

"உதிரட்டும். மாத்திரையை மட்டும் முடியுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஐயா, கேட்டீங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார், பெல்ட்டை இறுக்காமல் லேசாக மாட்டிக்கொண்டார்.

"எஸ் மேடம்."